பங்காளி அடுப்பு

என் தம்பி சென்னியப்பனின் வாயில் நான்தான் பால் ஊற்றினேன். அது அவன் மகன் செய்ய வேண்டிய காரியம். மகன் சிபி கோயமுத்தூர் அலுவலகத்தில் இருந்தான். முந்தின இரவு அவனுக்கு இரண்டு முறை போன் செய்தேன். "வந்துக்கிட்டே இருக்கறனுங்க பெரியப்பா" என்றான் இரண்டு முறையும். கோயமுத்தூரிலிருந்து பல்லடம் தாண்டி எங்கள் செம்மேட்டுப்பாளையம் வர ஒரு மணி நேரம் தாராளம். அவன் கார் வாசலில் நின்றபோது விடிந்துவிட்டது. உயிரும் போய்விட்டது.

தம்பி மனைவி பரிமளம் கட்டிலின் கால்மாட்டில் அவன் பாதங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. கட்டில் அருகே ஆக்ஸிஜன் இயந்திரம் மட்டும் 'புஸ், புஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இறந்தவன் மூக்கில் காற்று போய்க்கொண்டிருந்தது.  அந்த இயந்திரத்தை நிறுத்தக் கையை நீட்டினேன்.

சிபி உள்ளே ஓடி வந்தான். தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஆப் பண்ணாதீங்க பெரியப்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அது ஓடட்டும்."

"உங்கப்பன் போயிட்டான்டா."

"தெரியுதுங்க. அதனாலதான் சொல்றேன்."

எங்கள் குடும்பத்தில் சிறியவர்கள் பெரியவர்களின் கையைப் பிடித்துத் தடுப்பது வழக்கமில்லை. துக்கத்தில் செய்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அவனுக்கு நான் செய்த மரியாதை.

இதைப் புரிந்துகொள்ள என் தம்பியின் வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். சென்னியப்பன் இன்ஜினியர். நான் தோப்பையும் கறிக்கோழிப் பண்ணையையும் பார்த்துக்கொண்டேன்; அவன் காற்றை விற்கப் போனான். 'தென்மேற்கு மின்வணிகம்' அவன் ஆரம்பித்த கம்பெனி. காற்றாலைக்காரர்களிடம் நாளைக்கு வரப்போகும் கரண்டை இன்றைக்கே வாங்கி, மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்றைக்கே விற்பான். நாளைக்கு யாருக்கு எவ்வளவு தேவை என்று முன்கூட்டித் தெரிந்தவனுக்குத்தான் அந்த வியாபாரத்தில் லாபம்.

அதற்காக அவன் ஒரு இயந்திரம் செய்தான். வாசிப்பான் என்று பெயர். வீடுகளில் கேஸ் சிலிண்டர் ஒழிந்து எல்லோரும் கரண்ட் அடுப்புக்கு மாறிய காலம் அது. வீட்டுக்கு வீடு புது மீட்டர் வைத்தார்கள். அந்த மீட்டர் கணக்கை மின்வணிகர்கள் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டமும் வந்தது. பெயர் இருக்காதாம், கதவு எண் மட்டும் இருக்குமாம். எங்கள் ஊரில் கதவு எண் தெரிந்தால் ஏழு தலைமுறை தெரியும்.

"ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு மாதிரி கரண்டை இழுக்குமுங்கண்ணா" என்று அவன் ஒரு நாள் எனக்கு விளக்கினான். "மிக்ஸி ஒரு மாதிரி, கிரைண்டர் ஒரு மாதிரி, வாட்டர் ஹீட்டர் ஒரு மாதிரி. கம்பியில வர்ற அந்த இழுப்பை வெச்சே உள்ள என்ன நடக்குதுன்னு வாசிப்பான் சொல்லிரும். சீக்காளி இருக்கறாங்களா, விருந்தாளி வந்திருக்கறாங்களா, புருசன் பொண்டாட்டி சண்டையில தனித்தனி ரூம்ல ஃபேன் ஓடுதா, எல்லாமே."

"அடுத்தவன் சமையக்கட்டை எட்டிப் பாக்கறதுக்குப் பேரு வியாபாரமாடா?"

"எட்டிப் பாக்கறதில்லீங்கண்ணா. மீட்டரைத்தான் பாக்கறோம்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அத்தோடு நிற்கவில்லை அவன். எங்கள் அப்பா இறந்த நாளின் கணக்கை எடுத்து வாசிப்பானுக்குப் பாடமாகக் கொடுத்திருந்தான். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், உடம்பை எடுக்கும் வரை எந்தப் பங்காளி வீட்டிலும் அடுப்பு எரியாது. எங்களுக்குச் சோறு மாமன் மச்சான் வீடுகளிலிருந்து வரும். அன்றைக்கு ஊரில் பதினைந்து வீட்டு அடுப்புகள் ஒரே நேரத்தில் அணைந்ததை மீட்டர் பதிந்து வைத்திருந்தது. "எவ்வளவு அழகான கணக்கு தெரியுங்களாண்ணா! ஒரு குலமே மூச்சைப் புடிச்சு நிக்கற மாதிரி" என்றான். அப்பாவின் சாவில் அழகு கண்டவன் அவன். அன்று நான் அவன் வீட்டில் காப்பி குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பிறகு அந்த வாசிப்பை மற்றவர்களுக்கும் விற்றார்கள். இன்சூரன்ஸ்காரன் வாங்கினான், கடன் கொடுப்பவன் வாங்கினான், கல்யாணத் தரகர்கள்கூட வாங்கினார்கள். பெண் வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தது. கம்பெனி பெருத்தது. பங்காளிகள் என்னிடம் வந்து கேட்டார்கள். "அந்தக் கம்பெனிப் பங்குல பணம் போடலாமுங்களா?" "என் தம்பி கம்பெனி" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினான்கு வீட்டார் தோட்டம் விற்ற காசைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒருவரும் காகிதம் படித்துப் பார்க்கவில்லை. என் வாய்ச்சொல்லே அவர்களுக்குக் காகிதம்.

அடுத்தடுத்து இரண்டு ஆடிகளில் காற்று ஏமாற்றியது. வீசாத காற்றை விற்றுவைத்திருந்த கம்பெனி, வெளியே மூன்று மடங்கு விலைக்குக் கரண்ட் வாங்கிக் கொடுத்தது. தென்மேற்குக்குக் கையில் காசு இருக்கிறதா இல்லையா என்று ஊர் ஊராகப் பேச்சு. பங்குச் சந்தைக்கு இப்போது ராத்திரி, ஞாயிறு எதுவும் கிடையாது. கம்பெனியின் வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே வரும். பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அதுவரை பொறுமை ஏது? எவனோ ஒருவனுக்கு யோசனை வந்தது. தென்மேற்கின் முதலாளி வீட்டு மீட்டரை வாங்கிப் படித்தால் என்ன?

அன்றிலிருந்து என் தம்பியின் வீடு சந்தைக்கு நடுவே வந்துவிட்டது. பரிமளத்துக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி இட்லியை நிறுத்தினாள், கிரைண்டர் ஓடவில்லை, 'முதலாளி வீட்டில் மாவாட்ட அரிசி இல்லை' என்று கம்பெனிப் பங்கின் விலை சரிந்தது. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டபோது அடுப்பு நாள் முழுக்க எரிந்தது, விலை ஏறியது. முகம் தெரியாத பத்தாயிரம் பேர் எங்கள் வீட்டுப் பெண் என்ன சமைக்கிறாள் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தம்பி படுக்கையில் விழுந்து ஆக்ஸிஜன் இயந்திரம் வந்த பிறகு அதன் ஒவ்வொரு மூச்சுக்கும் விலை மாறியது. பெண்கள் குளிக்கும் நேரம் வரைக்கும் தெரிந்துகொள்கிற கூட்டத்துக்கு முதலீட்டாளர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழில் அவர்களுக்கு வேறு பெயர் உண்டு. எழுத மாட்டேன்.

சிபி என்னைக் கூடத்துக்கு இழுத்துப் போனான்.

"பெரியப்பா, திங்கக்கெழம மத்தியானம் நம்ம கம்பெனியில பணம் போட வர்ற பம்பாய்க்காரங்க கையெழுத்துப் போடறாங்க. ஒப்பந்தம் அப்பா பேர்ல. அதுக்கு முந்தி அப்பா இல்லைன்னு தெரிஞ்சா அது செல்லாது. கம்பெனி முழுகிரும். பங்காளிக பணம் அத்தனையும் போயிரும்."

"இன்னைக்குச் சனிக்கெழம."

"ஆமாங்க. ரெண்டே நாள். வீடு எப்பவும் போல ஓடணும். ஆக்ஸிஜன் ஓடணும், அம்மா நேரத்துக்குச் சமைக்கணும், அப்பாவுக்கு வெந்நீர் போடற நேரத்துல ஹீட்டர் போடணும். நியூஸ் பாக்கற நேரத்துல டிவி."

"சாவு வீட்ல அடுப்பெரிக்கச் சொல்றே."

"அடுப்பு எரியலீன்னா உலகத்துக்கே தெரிஞ்சுரும் பெரியப்பா."

பதினான்கு வீட்டார் என் முன் வந்து நிற்பதுபோல் இருந்தது. என் தம்பியின் சாவுக்கு மரியாதை செய்தால் அவர்களின் பிழைப்பு போகும். பிழைப்பைக் காத்தால் தம்பியின் மரியாதை போகும். இரண்டும் என் பெயரில் நின்றவை.

"பொழுது சாயறதுக்குள்ள உடம்பை எடுத்தாகணும்" என்றேன். "அது வரைக்கும் நான் வெளியாள் யார்கிட்டயும் பேச மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"அதுக்குள்ள எப்படிங்க..." என்று இழுத்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பரிமளம் அடுப்படிக்குப் போனாள். அவளிடம் மகன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. பிணம் கிடக்கிற வீட்டில் அவள் பருப்பு வேகவைத்தாள், சாம்பார் கூட்டினாள். தாளிக்கிற வாசனை அந்தக் கட்டில் வரை வந்தது. அவள் வாயில் முந்தானையைத் திணித்திருந்தாள். வெங்காயம் நறுக்கும்போது வந்த கண்ணீருக்கு மட்டும் அவளுக்கு அனுமதி இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சிபி மறுபடி வந்தான். வெயில் ஏற ஏற உடம்பை என்ன செய்வது என்பது அவன் கவலை.

"ஐஸ் பொட்டி சொல்லி உடலாம்டா" என்றேன்.

"அதைத்தானுங்க கொண்டு வரக் கூடாது. ஐஸ் பொட்டி இழுக்கற கரண்ட் வாசிப்பானுக்கு அத்துப்படி. ப்ளக் சொருகுன நிமிசத்துல தெரிஞ்சுரும்." தயங்கினான். "நம்ம கோழிப் பண்ணையில குளிர் ரூம் எப்பவும் ஓடிக்கிட்டுத்தானே இருக்குது. ஒரு ஆள் கூடப் போனா மீட்டர்ல பெருசா வித்தியாசம் தெரியாதுங்க. டெம்போவுல கோழி ஏத்தற மாதிரியே..."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"உங்கப்பனக் கொண்டுபோயிக் கோழியோட தொங்க உடலாங்கறே."

"தொங்க உடறதில்லீங்க பெரியப்பா. தனி ரேக் இருக்குது."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. உண்மையாகவே அதை ஒரு பதிலாக நினைத்தான். எனக்கு எழுபத்திரண்டு வயது. இதுவரை குடும்பத்தில் யார்மீதும் கை நீட்டியதில்லை. அன்றும் நீட்டவில்லை. "அந்த ரூமுக்குச் சாவி எங்கிட்ட இருக்குது. அது எங்கிட்டயே இருக்கும்" என்றேன். "எங்கம்மா பெத்தது இந்த வீட்ல. இந்த வீட்லிருந்துதான் போவான். ஏசியைப் போட்டு உடு. ஜன்னலைச் சாத்து."

பிறகு பின்வாசல் வழியாக என் வீட்டுக்குப் போனேன். ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்த வீடுகள்தான். என் மனைவி மயிலா கீரை கடைந்துகொண்டிருந்தாள்.

"சென்னி போயிட்டான்" என்றேன். "வெளியாளுக்குத் தெரியக் கூடாது. சிபி சொல்றான்."

அவள் மத்தைக் கீழே வைத்தாள்.  அடுப்பை அணைத்தாள். வெந்திருந்த சோற்றை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனாள். இதில் எதுவும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அதுதானே முறை. நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டைப் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குத் திரும்பினேன்.

மயிலா வெளியாள் யாருக்கும் சொல்லவில்லை. பங்காளிப் பெண்களுக்குச் சொன்னாள். அவர்கள் எப்படி வெளியாள் ஆவார்கள்? அவர்களும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குலத்துப் பெண்கள் ரகசியம் காப்பதில் பேர் போனவர்கள். ஒரு வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகவில்லை.

உச்சிப் பொழுதில் சிபியின் போன் அடித்தது. அவன் அப்போது அடுப்படியில் சாம்பார் இன்னும் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓடி வந்து கூடத்து மேசையிலிருந்த போனில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு அடுப்படிக்கே திரும்பியவன், "சொல்லு ரோஸ்லின்" என்று அங்கிருந்தே கத்தினான். ரோஸ்லின் அவர்கள் கம்பெனியில் வாசிப்பானைக் கவனிக்கிற பெண். எப்போதோ ஒரு விசேஷத்துக்கு வந்து என் காலில் விழுந்திருக்கிறாள்.

"சார், நம்ம விலை விழுந்துட்டே இருக்கு சார். நிக்கவே மாட்டேங்குது."

"ஏன்? வீட்ல எல்லாம் சரியாத்தானே ஓடுது!"

"உங்க வீடு சரியா இருக்கு சார். அதான் சார் பிரச்சினை. சுத்தி இருக்கற பதினாலு வீட்ல அடுப்பு அணைஞ்சு போச்சு. ஒரே நேரத்துல. நடுவுல உங்க வீட்ல மட்டும் சமையல் நடக்குது."

சிபி கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்தான்.

"பதினாலு வீடா? யார் வீடு?"

"பூராவும் உங்க பங்காளி வீடுங்களாம் சார். வாசிப்பானே சொல்லுது. பெரிய சார் ரொம்ப வருசத்துக்கு முன்னாடி சொல்லிக் குடுத்த பாடம். 'பங்காளி அடுப்பு'ன்னே அதுக்குப் பேரு வெச்சிருக்காங்க. நாமதான் சார் எல்லாருக்கும் வித்தோம். எல்லார்கிட்டயும் இருக்கு."

சிபி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் தகப்பனை இழந்தவனின் எதுவும் இல்லை.

"நீங்க சொல்லீட்டீங்களா?"

"உன் பெரியம்மாகிட்டச் சொன்னேன். பங்காளிக்குச் சாவை மறைக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"எத்தனை தடவ சொன்னனுங்க! ஒரே ஒரு நாள் அடுப்ப எரிச்சா என்ன கெட்டுப் போயிருமாமா இவங்களுக்கு!"

போனில் அந்தப் பெண் அவனைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். நல்ல பெண். நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னாள்.

"சார், டென்ஷன் ஆகாதீங்க. உங்களுக்கு நஷ்டம் இல்லையே. நேத்து சாயந்திரம் அலர்ட் வந்தவுடனே, விலை விழும்னு உங்க பேர்ல பந்தயம் போட ஆரம்பிச்சாச்சு. பாதிக்கு மேல ராத்திரியே போட்டு முடிச்சுட்டீங்க. திங்கக்கிழமை வரைக்கும் விலை நின்னிருந்தா மீதியும் போட்டிருக்கலாம். அவ்வளவுதானே சார்."

சிபி போனை எடுக்கப் பாய்ந்தான். நான் அதன்மேல் கையை வைத்தேன்.

"என்ன அலர்ட்டும்மா?"

"யாருங்க பேசறது?"

"அவங்கப்பனுக்கு அண்ணன்."

"ஐயா, வணக்கங்கய்யா. ஆக்ஸிஜன் மெஷின் இழுக்கற கரண்ட் நேத்து மத்தியானத்துலருந்து கூடிக்கிட்டே போச்சுங்கய்யா. விடியறதுக்குள்ள முடிஞ்சிரும்னு வாசிப்பான் குறிச்சுது. அந்த அலர்ட் சிபி சாருக்கு மட்டுந்தான் போகும். சாயந்திரமே போயிருச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "பெரிய சார் எப்படி இருக்காங்கய்யா?"

கட்டில் இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"திங்கக்கெழம பம்பாய்க்காரங்க கையெழுத்துப் போடறாங்களாம்மா?"

"அவங்க போன வாரமே விலகிட்டாங்களேங்கய்யா. சிபி சார் சொல்லலையா?"

நான் கையை எடுத்தேன். சிபி போனை அணைத்தான்.

அடுப்படி வாசலில் பரிமளம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. முந்தானையை வாயிலிருந்து எடுத்திருந்தாள்.

"நேத்து சாயந்திரமே உனக்குத் தெரியுமா சாமி?"

"அம்மா, நான் இங்க வந்திருந்தா மட்டும் அப்பா பொழச்சிருப்பாருங்களா? எப்படியும் போகப் போறவரு. நான் வந்து உக்காந்து என்ன பண்ணியிருப்பேன்? கம்பெனியும் எப்படியும் முழுகப் போகுது. நான் செஞ்சது உங்களுக்காகவுந்தான். உங்களுக்குக் கடைசி வரைக்கும் காசு வேணுமில்ல?"

ஒவ்வொரு வாக்கியமும் சரியாகத்தான் இருந்தது. பதில் சொல்ல முடியாத அளவுக்குச் சரியாக இருந்தது.  குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. பங்காளிகளுக்காக என்று சொன்னவுடன் சாவு வீட்டில் அடுப்பெரிய விட்டவன் நான். அவன் என் மானத்துக்கு விலை தெரிந்து வைத்திருந்தான்.

"ராத்திரி பூரா வாசலைப் பாத்துக்கிட்டே கெடந்தாருடா" என்றாள் பரிமளம். "கார் சத்தம் கேக்கறப்பெல்லாம் கண்ணைத் தொறந்தாரு."

 அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள். சாம்பார்ச் சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு கட்டில் இருந்த அறைக்குப் போய் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கடைசியாக ஒரு 'புஸ்' விட்டு அது அடங்கியது. அதன் பிறகுதான் அந்த வீட்டில் அழுகை கேட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. நான் கேட்டதிலேயே மரியாதையான சத்தம் அதுதான்.

முன்கதவைத் திறந்தேன். வாசலில் பங்காளிகள் நின்றிருந்தார்கள். எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்று நின்றிருக்கிறார்கள். 

"வாங்க" என்றேன்.

பல்லடத்து மின்மயானத்தில் பதிவு செய்வதாகச் சிபி சொன்னான். வேண்டாம் என்றேன். எங்கள் தோட்டத்திலேயே, மழையில் விழுந்து கிடந்த புளியமரத்தை வெட்டி அடுக்கினோம். அந்த நெருப்புக்கு மீட்டர் கிடையாது. கொள்ளியை அவனே வைத்தான். அதை நான் தடுத்திருக்கலாம். சில பங்காளிகள் அதை எதிர்பார்த்தார்கள். ஆனால் தடுத்திருந்தால் என் தம்பி பிள்ளையில்லாதவனாகப் போயிருப்பான். ஈர வேட்டியோடு கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியவன், திரும்பிய கையோடு மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். அதில் விலை ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நம்புகிறேன்.

தென்மேற்கு முழுகியது. பதினான்கு வீட்டார் போட்டது முழுகியது. ஒருவரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. கோயில் காரியத்தில் இன்றும் முதல் மரியாதை எனக்குத்தான் தருகிறார்கள். வாசலில் நின்று இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சிபி கோயமுத்தூரில் வேறு பெயரில் கம்பெனி வைத்திருக்கிறான். தகப்பன் சாவையே சரியாகப் படித்த வாசிப்பான் என்று அதற்கு நல்ல பேராம். முதலீட்டாளர்கள் தேடி வருகிறார்களாம்.

கருமாதி முடிந்தவுடன் பரிமளம் ஒரு காரியம் செய்தாள். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து வீட்டு மீட்டரைக் கழற்றச் சொன்னாள். வந்த ஆள் பயந்து என்னிடம் கேட்டான். "அவ வீடு. அவ சொன்னாச் செய்" என்றேன். கொல்லையில் மூன்று கல் வைத்து, தோப்பில் விழும் மட்டையை எரித்துச் சமைக்கிறாள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள். மயிலா எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிப் பார்த்தாள். "உங்க வீட்லயும் மீட்டர் இருக்குதுங்களே அக்கா" என்றாளாம்.

அடுத்த மாதம் சிபி எனக்குப் போன் செய்தான்.

"பெரியப்பா, அம்மா வீட்டுக் கணக்கு ஒண்ணுமே வரலீங்க. ரொம்ப நாளா மீட்டர் செத்துக் கெடக்குது. அம்மா நல்லாருக்கறாங்களா?"

"வந்து பாரு."

"வேலைங்க பெரியப்பா. அம்மா பேர்ல ஒரு இன்சூரன்ஸ் இருக்குது. மீட்டர் ஓடலீன்னா ஆள் உசுரோட இருக்கறதுக்கு அத்தாட்சி கேக்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்குது."

என் வார்த்தைக்கு இருந்த மதிப்பை அவர்கள் கம்பெனிக்கு நான் ஒருமுறை கொடுத்துவிட்டேன்.

"வந்து பாரு" என்று மறுபடியும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அமாவாசையன்று பரிமளம் என்னையும் மயிலாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கொல்லையில் புகை அடங்கி, சோறு இறங்கியிருந்தது. ஒரு வாழை இலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்து, காம்பவுண்டுச் சுவர்மேல் கொண்டுபோய் வைத்தாள். "கா, கா" என்று கூப்பிட்டாள். தென்னையிலிருந்து ஒரு காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. இறங்கப் போனது.

அப்போது தோப்புப் பக்கமிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. கைப்பிடி அளவு பறக்கும் கேமரா ஒன்று தென்னை மட்டைகளுக்கு நடுவே நுழைந்து, சுவருக்கு மேலே வந்து நின்றது. காகம் பின்வாங்கி மட்டைக்குள் போய்விட்டது. அந்தச் சாமான் மெல்லத் திரும்பி, கொல்லையில் நின்ற மூன்று பேரில் பரிமளத்தைத் தேடிக் கண்டுபிடித்தது.

அவன் வரவில்லை. இது வந்தது.

நான் களைக்கொத்தைத் தேடினேன். "வேண்டாமுங்க மாமா" என்றாள் பரிமளம். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். பிறகு நேராக அதைப் பார்த்து நின்றாள். கண் சிமிட்டினாள், இரண்டு முறை, மூன்று முறை. உயிரோடு இருப்பவர்கள் சிமிட்டுகிற மாதிரி. அவள் உதடு ஏதோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை. சாப்பிட்டயா என்று கேட்டிருப்பாள் என்று மயிலா பிறகு சொன்னாள்.

வேலை முடிந்தது போலும். அது மேலே எழும்பித் தோப்பைத் தாண்டிப் போனது. ரீங்காரம் தேய்ந்தது. நாங்கள் அசையாமல் நின்றோம். நெடுநேரம் கழித்து அந்தக் காகம் மட்டையிலிருந்து நுனிக்கு வந்தது. சுவருக்கு இறங்கியது. சோற்றை ஒருமுறை கொத்தியது.

என் இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். சிபி.

"இப்பப் பேசாதீங்க மாமா" என்றாள் பரிமளம், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "காக்கா பறந்துரும்."